60 நாள் ஓய்வெடுத்த குதிரை ஜெயிக்கலாம்... உங்க சம்பளம் ஜெயிக்குமா?

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், இஎம்ஐன்னு பேசுற இடத்துல குதிரை எதுக்குன்னு கேக்காதீங்க. கொஞ்ச நாளா நமக்கு வர்ற கேள்விகள்ல ஒரு வகை திரும்பத் திரும்ப வருது. சுருக்கமா சொன்னா இதுதான்: "ப்ரோ, ரெண்டு மாசம் ஓய்வெடுத்துட்டு வர்ற குதிரை மேல மட்டும் காசு கட்டுனா லாபம்னு ஒரு டெலிகிராம் குரூப்ல சொல்றாங்க. எக்செல்ல போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் வருது. மாசம் 3,000 ரூபாய் போடலாமா?"

"சூதாட்டம் தப்பு தம்பி"ன்னு ஒரே வரியில முடிச்சுடலாம். ஆனா எக்செல் போட்டுப் பார்க்குற அளவுக்கு யோசிக்கிற ஆளுக்கு அது பதில் இல்லை. அவர் கேட்டதுல ஒரு உண்மை இருக்கு. அந்த உண்மைக்குப் பக்கத்துலயே ஒரு பள்ளமும் இருக்கு.

இங்க ரெண்டு தனித்தனி கேள்வி இருக்கு. ரேஸுக்கும் ரேஸுக்கும் நடுவுல கிடைக்கிற ஓய்வு குதிரையோட ஃபார்மை மாத்துமா? மாத்தும். அது தெரிஞ்சா பந்தயத்துல காசு பண்ண முடியுமா? சம்பளக்காரருக்கு முடியாதுங்கிறதுதான் என் கருத்து. முதல் கேள்விக்குக் கிடைச்ச "ஆமா"வை ரெண்டாவது கேள்விக்கும் தூக்கிட்டுப் போறப்பதான் பர்ஸ் காலியாகுது.

ஓய்வு குதிரைக்கு என்ன செய்யுது?

முழு வேகத்துல ஒரு ரேஸ் ஓடி முடிச்ச குதிரையோட தசைகள்ல எரிபொருள் மாதிரி இருக்குற கிளைகோஜன் நல்லா குறைஞ்சிருக்கும். மனுஷனுக்கு நல்லா சாப்பிட்டா கிட்டத்தட்ட ஒரு நாள்ல அது திரும்ப நிரம்பிடும். குதிரைக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். இது சின்ன கணக்கு.

பெரிய கணக்கு எலும்புல இருக்கு. வேகமா ஓட ஓட கால் எலும்புல கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். உடம்பு அதைச் சரி பண்ண நேரம் வேணும். அதுக்காக மாசக்கணக்குல நிறுத்தி வெச்சா எல்லாம் நல்லதுன்னும் சொல்ல முடியாது. வேலை இல்லாத எலும்பு கொஞ்சம் இளகும். திரும்ப வந்த வேகத்துல அவசரமா கடும் பயிற்சி குடுத்தா அப்போதான் எலும்பு முறியுற ஆபத்து கூடும். அதனால நல்ல டிரெய்னர் நீண்ட ஓய்வுக்கு அப்புறம் வாரக்கணக்குல மெதுவா வேகத்தை ஏத்துவார்.

காலப்போக்குல ஓட்டங்களோட எண்ணிக்கையும் குறைஞ்சுடுச்சு. அமெரிக்காவுல 1960-ல ஒரு பந்தயக் குதிரை வருஷத்துக்குச் சராசரியா 11 தடவைக்கு மேல ஓடுச்சு. இப்போ அது 6 தடவையை ஒட்டித்தான் இருக்கு. 1919-ல சர் பார்ட்டன்ங்கிற குதிரை கென்டக்கி டெர்பி ஜெயிச்ச நாலே நாள்ல பிரீக்னஸ் ரேஸையும் ஜெயிச்சுது. இன்னைக்கு எந்த டிரெய்னரும் அப்படி ஓட விடமாட்டார்.

ஆக, ஓய்வு முக்கியம்தான். இதுவரைக்கும் நம்ம எக்செல் நண்பர் சொன்னது சரி.

நாள் எண்ணிக்கை காரணத்தைச் சொல்லாது

இப்போ ஒரு ரெஸ்யூமேயை நினைச்சுப் பாருங்க. 2023 மார்ச்ல வேலையை விட்டிருக்கார், அக்டோபர்ல அடுத்த வேலை. நடுவுல ஏழு மாசம் கேப். ஏன்? லே-ஆஃபா? குழந்தை பிறந்ததா? அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? கோர்ஸ் படிச்சாரா? வெறும் "ஏழு மாசம்"ங்கிற எண்ணை வெச்சு அந்த ஆள் அடுத்த கம்பெனியில எப்படி வேலை செய்வார்னு சொல்ல முடியுமா?

குதிரைக்கும் அதே கதைதான். 90 நாள் ஓடலைன்னா காயமா இருக்கலாம், காய்ச்சலா இருக்கலாம், சீசன் முடிஞ்சிருக்கலாம், பெரிய ரேஸுக்காக வேணும்னே காப்பாத்தி வெச்சிருக்கலாம். நம்ம நாட்டுல மும்பையில குளிர்கால சீசன் முடிஞ்சா மழைக்காலத்துல புனேன்னு ரேஸ் இடம் மாறும். அந்த இடைவெளி குதிரைக்காக யாரும் திட்டம் போட்டுக் குடுத்ததா இல்லாம காலண்டர் குடுத்ததாவும் இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் பாருங்க. ஒரு குதிரை ஏழே நாள்ல திரும்ப ஓட வந்தா "பாவம், களைச்சிருக்கும்"னு தோணும். ஆனா அதை ஏழு நாள்ல ஓட விட முடிவு பண்ணது அதோட டிரெய்னர். தினமும் காலையில தொட்டுப் பார்க்குற ஆள். குதிரை துள்ளிக்கிட்டு இருக்குறதால அனுப்பியிருக்கலாம். பிரிட்டன்ல ஹேண்டிகேப் ரேஸ்கள்ல, ஜெயிச்ச குதிரைக்குப் புது ரேட்டிங் வந்து சுமை கூடுறதுக்குள்ள இன்னொரு ரேஸை முடிச்சுடலாம்னும் அவசரமா ஓட விடுவாங்க.

அப்போ "இத்தனை நாள் ஓய்வெடுத்த குதிரைங்க இத்தனை சதவீதம் ஜெயிச்சிருக்கு"ன்னு வர்ற எக்செல் எண், ஓய்வோட விளைவை மட்டும் காட்டலை. டிரெய்னர்கள் எடுத்த முடிவுகளும் அதுக்குள்ள கலந்திருக்கு. அந்தக் காரணம் லாயத்துக்குள்ள இருக்கு. நம்ம கையில வெறும் நாள் எண்ணிக்கைதான் இருக்கு.

ஒரே ஓய்வு, ரெண்டு முடிவு

உலகத்துலயே இந்த விவாதம் சூடா நடக்குற இடம் அமெரிக்காவோட டிரிபிள் கிரவுன். மே முதல் சனிக்கிழமை கென்டக்கி டெர்பி, ரெண்டு வாரத்துல பிரீக்னஸ், அதுல இருந்து மூணு வாரத்துல பெல்மான்ட். அஞ்சு வாரத்துல மூணு கடுமையான ரேஸ்.

2025-ல சாவரின்டிங்கிற குதிரை ஜர்னலிசத்தை ஒன்றரை லெங்த் வித்தியாசத்துல தோற்கடிச்சு டெர்பியை ஜெயிச்சுது. அதோட டிரெய்னர் பில் மாட், குதிரையை பிரீக்னஸ்ல ஓட விடலை. "டிரிபிள் கிரவுனையே விட்டுக்குடுக்குறாரே"ன்னு ஒரே பேச்சு. ஜர்னலிசம் பிரீக்னஸுக்குப் போய் ஜெயிச்சுட்டும் வந்துச்சு. ஜூன் 7-ம் தேதி பெல்மான்ட்ல ரெண்டும் திரும்ப மோதுச்சு. அஞ்சு வாரம் ஓய்வெடுத்த சாவரின்டி மூணு லெங்த்ல ஜெயிச்சுது. ஜர்னலிசம் ரெண்டாவது.

"பார்த்தீங்களா, ஓய்வு!"ன்னு சொல்லத் தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

2022-ல ரிச் ஸ்ட்ரைக். 80-க்கு 1 விலையில டெர்பியை ஜெயிச்சு உலகத்தையே அதிர வெச்ச குதிரை. அதையும் ஓய்வு வேணும்னு பிரீக்னஸ்ல ஓட விடலை. அதே அஞ்சு வாரம். பெல்மான்ட்ல ஆறாவது இடம்.

அப்புறம் 2018-ல ஜஸ்டிஃபை. பிப்ரவரியில முதல் ரேஸ் ஓடி, 111 நாள்ல ஆறு ரேஸ் ஓடி ஆறையும் ஜெயிச்சு டிரிபிள் கிரவுனையே தூக்குச்சு. ஓய்வே இல்லாம ஜெயிச்ச குதிரை. அதுக்கப்புறம் கால்ல பிரச்சனை வந்து ஒரு ரேஸ் கூட ஓடாம ஓய்வு பெற்றது.

சாவரின்டியை மட்டும் சொன்னா ஒரு வீடியோ. ரிச் ஸ்ட்ரைக்கை மட்டும் சொன்னா அதுக்கு எதிரான வீடியோ. உங்களுக்கு "சிஸ்டம்" விக்கிறவர் முதல் வீடியோவை மட்டும்தான் போடுவார்.

எது நடந்தாலும் ஒரு பேர் ரெடி

ஓய்வுக்கு அப்புறம் வர்ற முதல் ரேஸை விட ரெண்டாவது ரேஸ்தான் இன்னும் சுவாரசியம். அமெரிக்கால "பவுன்ஸ்"னு ஒண்ணு சொல்லுவாங்க. நீண்ட ஓய்வுக்கு அப்புறம் முதல் ரேஸ்ல ரொம்ப நல்லா ஓடிட்டா, அந்தக் களைப்புல அடுத்த ரேஸ்ல சறுக்கும்ங்கிறது அதோட அர்த்தம். ஜப்பான்லயும் இதுக்குன்னு தனியா ஒரு பேர் இருக்கு.

அதே ஜப்பான்ல, அதே ஆஸ்திரேலியாவுல, நேர் எதிரான இன்னொரு நம்பிக்கையும் இருக்கு. முதல் ரேஸ் துரு தட்டுறதுக்கு, ரெண்டாவது ரேஸ்லதான் குதிரை முழு ஃபார்முக்கு வரும்னு.

குதிரை ரெண்டாவது ரேஸ்ல தோத்தா "பவுன்ஸ்". ஜெயிச்சா "துரு போயிடுச்சு". எது நடந்தாலும் சரியா வர்ற விளக்கத்தை வெச்சு முன்கூட்டி எதையும் சொல்ல முடியாது. நம்ம ஊர் மார்க்கெட் செய்தியும் இப்படித்தானே? இறங்கினா "லாபத்தைப் பதிவு பண்ணிட்டாங்க", ஏறினா "குறைஞ்ச விலையில வாங்கிட்டாங்க". சாயங்காலம் கேக்க நல்லாத்தான் இருக்கும். காலையில ஒண்ணும் உதவாது.

364 நாள் கழிச்சு ஜெயிச்ச குதிரை

அனிமே பாக்குறவங்களுக்கு டோகாய் டெயோங்கிற பேர் தெரிஞ்சிருக்கும். 'உமாமுசுமே'ல வர்ற அந்தக் கதாபாத்திரம் ஒரு நிஜ ஜப்பானிய குதிரையோட பேர்ல வந்தது. 1992 டிசம்பர்ல அரிமா கினென் ரேஸ்ல படுமோசமா தோத்துச்சு. அப்புறம் ஒரு வருஷம் ரேஸே இல்லை. 364 நாள் கழிச்சு 1993 அரிமா கினென்லயே நேரா வந்து, ஃபேவரிட்டா இருந்த பிவா ஹயாஹிடேவைத் தோற்கடிச்சு ஜெயிச்சுது. பார்த்தவங்க அழுதாங்க. இன்னைக்கும் அதைப் பத்தி பேசுறாங்க.

முப்பது வருஷத்துக்கு அப்புறமும் ஏன் பேசுறாங்க? அப்படி நடக்குறதே அபூர்வம்ங்கிறதால. ஒரு வருஷம் கழிச்சு வந்து பின்னாடி ஓடின குதிரைங்களுக்கு யாரும் அனிமே எடுக்கலை. மல்டிபேகர் ஷேர் கதை எல்லாருக்கும் தெரியும், அதே வருஷம் மூடின கம்பெனிகள் பேர் யாருக்கும் தெரியாதுல்ல, அதே விஷயம்தான்.

எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்

"கடைசியா ஓடி எத்தனை நாள்"ங்கிறது ரகசியத் தகவலே இல்லை. பிரிட்டன் ரேஸ் அட்டையில குதிரை பேர் பக்கத்துலயே நாள் எண்ணிக்கை இருக்கும். ஒரு சீசனையே தவறவிட்டா ஃபார்ம் வரிசையில ஒரு சாய்வுக்கோடு போட்டுருவாங்க. ஆஸ்திரேலியால நீண்ட ஓய்வுன்னா ஒரு பெருக்கல் குறி இருக்கும். ஓய்வுக்கு அப்புறம் முதல் ஓட்டத்துல அந்தக் குதிரை எப்படி, ரெண்டாவது ஓட்டத்துல எப்படின்னு தனித்தனி கணக்கே அச்சுல வரும். ஜப்பான் ரேஸ் பேப்பர்ல நடுவுல எத்தனை வாரம்னு எழுதியிருக்கும்.

பந்தய விலையைத் தீர்மானிக்கிற எல்லாரும் இதைப் படிச்சுட்டுத்தான் காசு கட்டுறாங்க. 2018-ல எனேபிள்ங்கிற பிரிட்டிஷ் குதிரை காயத்தால கிட்டத்தட்ட 11 மாசம் ஓடலை. செப்டம்பர்ல ஒரு சின்ன ரேஸ், அக்டோபர் 7-ம் தேதி பாரிஸ்ல ஆர்க் டி டிரயம்ஃப். ரெண்டையும் ஜெயிச்சுது. ஓய்வை அருமையா கையாண்டாங்க. ஆனா ஆர்க்ல அது ஃபேவரிட்டாவே இறங்குச்சு. திறமையான டிரெய்னர் திட்டம் போட்டுக் கொண்டு வர்றார்னு எல்லாருக்கும் தெரியும், அதனால விலை ஏற்கெனவே குறைஞ்சிருந்தது.

நல்ல கம்பெனி வேற, நல்ல விலையில கிடைக்கிற ஷேர் வேறன்னு நாம எத்தனை வீடியோல பேசியிருக்கோம்? குதிரைக்கும் அதே பாடம்தான்.

"அப்போ யாருமே ஜெயிச்சதில்லையா?"ன்னு கேப்பீங்க. ஜெயிச்சவங்க இருக்காங்க. ஹாங்காங்ல பில் பென்டர்ங்கிற அமெரிக்கர் கம்ப்யூட்டர் மாடல் வெச்சு பெரும் பணம் பண்ணார். 1994-ல அவரே ஒரு கட்டுரையும் எழுதினார். அதுல முக்கியமான விஷயம், அவர் தன் மாடலை மட்டும் நம்பலை. கூட்டம் போட்ட விலையையும் மாடலோட சேர்த்துத்தான் கணக்குப் போட்டார். கூட்டத்துக்குத் தன் மாடலுக்குத் தெரியாத விஷயம் தெரியும்னு அவரே ஒத்துக்கிட்டார். அது ஒரு முழு நேரத் தொழில். ஆபீஸ் முடிஞ்சு மெட்ரோல வரும்போது போன்ல போடுற கணக்கு இல்லை.

140 ரூபாய் குடுத்து 80 ரூபாய் வாங்குறது

இப்போ நம்ம சேனல் ஸ்டைல்ல கணக்குப் போடுவோம்.

டோட்ல எல்லாரும் கட்டுற காசு ஒரே தொட்டியில விழும். நடத்துறவங்க தங்கள் பங்கை எடுத்துட்டு மிச்சத்தை ஜெயிச்சவங்களுக்குப் பிரிப்பாங்க. ஜப்பான்ல வின் பந்தயத்துக்கு 20% கழிவு. ஹாங்காங்ல 17.5%. நாம 20%னு வெச்சுப்போம். 100 ரூபாய்க்குச் சராசரியா திரும்ப வர்றது 80.

இந்தியாவுல இதுக்கு மேல ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து குதிரைப் பந்தயத்துக்கு 40%. அதுவும் கிளப்போட கமிஷன் மேல இல்லை, பந்தயத் தொகை முழுசு மேலயும். மேல வாங்கினாலும் உள்ளிருந்து கழிச்சாலும் கடைசியில அது பந்தயம் கட்டுறவர் தலையிலதான். மேல வாங்குறாங்கன்னு வெச்சா, உங்க பாக்கெட்ல இருந்து போறது 140, சராசரியா வர்றது 80.

நட்டம் இல்லாம வெளிய வரணும்னா கூட, 80 வர்ற இடத்துல உங்களுக்கு 140 வரணும். அதாவது கூட்டத்தை விட 75% கூடுதலா சம்பாதிக்கணும். இது வெறும் சமன் பண்றதுக்கு.

வருமான வரி இன்னும் வரலை. குதிரைப் பந்தய வெற்றிக்கு 30% வரி, மேல 4% செஸ். உங்க ஸ்லாப் என்னவா இருந்தாலும் இதான். தோத்த பந்தயங்களைக் கழிக்க முடியாது. ஒரே வெற்றித் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினா டிடிஎஸ் பிடிச்சுட்டுத்தான் குடுப்பாங்க.

ஒரு உதாரணம். நீங்க ரொம்பத் திறமைசாலின்னே வெச்சுப்போம். 1,000 ரூபாய் வீதம் 10 பந்தயம். மூணுல ஜெயிக்கிறீங்க, ஒவ்வொண்ணுக்கும் 4,000 ரூபாய் கைக்கு வருது.

போட்டது 10,000. வந்தது 12,000. நண்பர்கள்கிட்ட "2,000 லாபம் மச்சி"ன்னு சொல்லுவீங்க.

ஜிஎஸ்டி 4,000 சேர்த்தா செலவு 14,000. இப்பவே 2,000 நட்டம். ஜெயிச்ச மூணு பந்தயத்துல போட்ட 3,000-ஐக் கழிச்சே பார்த்தாலும், 9,000 ரூபாய்க்கு செஸ்ஸோட வரி 2,808. மொத்த நட்டம் 4,808 ரூபாய். உங்க கணிப்பு சரியா இருந்தும் இந்த நட்டம். எக்செல் ஷீட்ல இந்த ரெண்டு காலமும் இருந்துச்சா ப்ரோ?

"வரியே இல்லாத புக்கி ஒருத்தர் இருக்கார்"னு அடுத்த ஐடியா வரும். அங்க ரசீதும் கிடையாது, பெரிய தொகை ஜெயிச்சா குடுப்பாருங்கிற உறுதியும் கிடையாது. தரலைன்னா போய் புகார் குடுக்கவும் முடியாது. ஏன்னா நீங்க கட்டினதே சட்டவிரோத பந்தயம்.

"ஸ்கில் கேம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கே?"

சொல்லியிருக்கு. அந்த வழக்கே நம்ம தமிழ்நாட்டுல இருந்து போனதுதான். குதிரைப் பந்தயத்தைத் தடை பண்ண தமிழக அரசு கொண்டு வந்த சட்டம் தொடர்பான வழக்குல, 1996-ல உச்ச நீதிமன்றம் இது திறமை சார்ந்த விளையாட்டுன்னு தீர்ப்பு குடுத்துச்சு.

ஆனா அது சட்டக் கேள்விக்கான பதில். ஒரு விளையாட்டுல திறமைக்கு இடம் இருக்குங்கிறதும், அந்தத் திறமை உங்ககிட்ட இருக்குங்கிறதும் ஒண்ணு இல்லை. இருந்தாலும் அது கழிவையும் வரியையும் தாண்டுமாங்கிறது மூணாவது கேள்வி. எஃப் அண்ட் ஓ-வும் திறமைதான். செபி ஆய்வுப்படி 2022 முதல் 2024 வரைக்குமான மூணு நிதியாண்டுகள்ல தனிநபர் டிரேடர்கள்ல 93% பேர் நட்டம்தான் பார்த்தாங்க. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல.

அப்போ என்ன பண்ணலாம்?

உங்க எக்செல்லை நீங்களே சோதிச்சுப் பாருங்க. பெரிய டிவிடெண்ட் குடுத்த ஒரே ஒரு வெற்றியை மட்டும் அழிங்க. லாபம் நட்டமா மாறுதா? அப்போ அது சிஸ்டம் இல்லை, ஒரு நல்ல ஞாயித்துக்கிழமை. அடுத்து, 60 நாளை 45-ன்னு மாத்துங்க, 75-ன்னு மாத்துங்க. முடிவு தலைகீழா ஆனா, அந்த 60 குதிரையோட உடம்புல இருந்து வரலை, உங்க ஷீட்ல இருந்து வந்திருக்கு. மூணாவதா, ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் ரெண்டு காலம் சேருங்க. பெரும்பாலும் இங்கேயே கதை முடிஞ்சுடும்.

மாசம் 3,000 ரூபாய்ங்கிறதுக்கும் கணக்குப் போட்டுடலாம். ஜிஎஸ்டி போக பந்தயத்துக்குப் போறது சுமார் 2,143. சராசரியா திரும்ப வர்றது சுமார் 1,714. மாசம் கிட்டத்தட்ட 1,286 ரூபாய் போயிடும். பத்து வருஷத்துல ஒன்றரை லட்சத்துக்கு மேல. அதே 3,000-ஐ எஸ்ஐபில போட்டு, ஆண்டுக்கு 10%னு ஒரு அனுமானம் வெச்சா, 3.6 லட்சம் பத்து வருஷத்துல சுமார் 6.2 லட்சம் ஆகும். அந்த 10%க்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனா அங்க ஆரம்பமே 100 குடுத்து 57 வாங்குற கணக்கு இல்லை.

குதிரை ரேஸ் பார்க்கப் பிடிக்குதா? தாராளமா பாருங்க. டிரெய்னர் எதுக்கு நிறுத்தி வெச்சார், எதுக்கு இப்போ கொண்டு வர்றார்னு யோசிக்கிறது அருமையான மூளை வேலை. கிரிக்கெட்ல பும்ராவுக்கு எந்த டெஸ்ட்ல ஓய்வு குடுக்கலாம்னு நாம பேசுறதில்லையா, அது மாதிரி. அதுக்கு அறிவு போதும், பேங்க் பேலன்ஸ் தேவையில்லை. ஏற்கெனவே காசு விட்டுட்டு, அதை எடுக்கத்தான் அடுத்த ரேஸ், அடுத்த லோன் ஆப்னு போய்க்கிட்டு இருக்கீங்கன்னா, இன்னொரு நல்ல சிஸ்டம் தேடாதீங்க. வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இன்னைக்கே முழுத் தொகையையும் சொல்லுங்க. சொல்றதுக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா தொகை இன்னும் பெருசானப்புறம் சொல்றது இதை விடக் கஷ்டம்.

இந்தக் கணக்குல எங்கேயாவது தப்பு இருக்குன்னு தோணினா, உங்க எக்செல்லோட வாங்க, வரி காலத்தையும் சேர்த்துப் போட்டு, அடுத்த வீடியோவுலயே ஒண்ணா உக்காந்து பார்ப்போம்.